தக்காளி நாற்றை மூட்டை கட்டி வைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கடன், கணக்கு, வாடிக்கையாளர் பற்றியெல்லாம் எழுதியிருந்தது சரிதான். கடைசிப் பத்தியில்தான் எனக்கு முள் குத்தியது. தொழில் தொடங்குகிறவர்கள் பொழுதுபோக்குகளை ஓராண்டுக்காவது மூட்டை கட்டி வைக்க வேண்டும், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டிலும் தேற மாட்டார்கள் என்று முடித்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: தோட்டம் மாதிரியான பழக்கத்தை விடவே முடியாதென்றால் அதையும் வருமானமாக மாற்றப் பாருங்கள் என்று.

நிஜமாகவே சேற்றில் ஒரு காலை வைத்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 46. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை. தையல் அம்மாவிடம் கற்றது. துணி ஆல்டரேஷனுக்கு மட்டும் ஒரு சின்னக் கடை வைக்க வேண்டும் என்பது என் திட்டம். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்குள் கிழிந்த லைனிங் துணியை மாற்றுவது, இவ்வளவுதான். புதுத்துணி தைப்பதாக இல்லை. அதில் அளவு எடுப்பதைவிட ஆளைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிய வேலை என்பது அம்மாவைப் பார்த்தே தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தியும் கொஞ்சம் தொட்டிகளும் இருக்கின்றன. குளிர் விலகி மண் சூடேறும் அந்த இரண்டரை, மூன்று மாதத்துக்காகத்தான் மற்ற ஒன்பது மாதமும் இருக்கிறேன் என்று என் தங்கை கிண்டல் செய்வாள். மறுக்க மாட்டேன்.

உங்கள் கட்டுரை சொன்ன யோசனையை, யாரும் சொல்லாமலே, போன வருடம் நானே செய்து பார்த்துவிட்டேன். அதனால்தான் பேசுகிறேன். "இந்த வசந்தம் திட்டத்துக்கு, தோட்டம் அடுத்த வருடம்" என்று வீட்டில் அறிவித்தேன். அறிவித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பழைய பழக்கத்தில் 48 தக்காளி விதைகளை நாற்றுத் தட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். தக்காளி 20 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஆறிலிருந்து பத்து நாளில் முளைத்துவிடும். முளைத்தது. அந்த வாரம் பார்த்து ஒரு கடன் விண்ணப்பத்தோடு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் நாற்றுக்குப் போதாது, தட்டைத் திருப்பி வைக்கவும் ஆளில்லை. ஒவ்வொன்றும் நூல் மாதிரி நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றது. கவனிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் தண்ணீரை அதிகமாக ஊற்றினேன். நாற்றழுகல் வந்தது. காலையில் பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுத்து, மெலிந்து, மளமளவென்று விழுந்து கிடக்கின்றன. 48-ல் மிஞ்சியது 5.

சரி, தோட்டம் போனது, திட்டமாவது உருப்பட்டதா? அதுதான் வேடிக்கை. தோட்டத்திலிருந்து பிடுங்கிய நேரத்தையெல்லாம் போட்டு மூன்று மாதத்தில் நான் செய்தவை: ஐந்தாண்டு வரவு செலவு மதிப்பீடு, நான்கு நிறத்தில். கடைப் பெயர்ப்பலகைக்கு 11 மாதிரி வடிவங்கள். மெஷின்களை ஒப்பிட்டு ஒரு நீளமான அட்டவணை. ஒரு வேலைக்கென்று எவ்வளவு நேரத்தை ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்துக்கும் அந்த வேலை வீங்கிக்கொள்ளும் என்ற பொருளில் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். அலுவலகப் பயிற்சி வகுப்பில் அதைச் சொன்னபோது சிரித்தேன். என் திட்டம் என் கண்ணெதிரே அப்படி வீங்கியபோது சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் வாடிக்கையாளராக வரக்கூடிய ஒருவரிடம்கூட நான் வாய் திறந்து பேசவில்லை. கடைக்கு ஏற்ற ஓர் அறையைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். தோட்டமும் யோக்கியமில்லை. இந்த வருடத் தொடக்கத்தில், ஒரு அறையின் சொந்தக்காரருக்குப் போன் செய்து வாடகை கேட்க வேண்டிய நாளில், இரண்டு மணி நேரம் மட்கு உரம் சலித்தேன். சலிக்கவே வேண்டியிருக்காத உரம் அது. பாத்தியில் போடப்போகும் உரத்தில் நாலு குச்சி கிடந்தால் என்ன குடி முழுகிவிடும்? கையில் சல்லடையும் மூக்கில் மண்வாசனையுமாக நிற்கும்போது எனக்கே தெரியும், நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று. போனை எடுக்கப் பயந்தால் தோட்டம், வாடிப்போன செடிகளைப் பார்க்கப் பயந்தால் கணக்கு நோட்டு. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு வருடமும் 43 தக்காளி நாற்றும் செலவாகின.

அதற்கு அப்புறம்தான் நாட்காட்டி. நான் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுவரில் மாட்டும் பெரிய தாள் நாட்காட்டியில் முதலில் தோட்டத்தின் தேதிகளை எழுதினேன், தொழிலின் தேதிகளை அல்ல. தங்கை பார்த்துவிட்டு, "அக்கா, நீ கடை திறக்கப் போறியா, பண்ணை வைக்கப் போறியா?" என்றாள். காரணம் எளிது. பெயர்ப்பலகை வடிவத்தை இந்த வாரம் முடிவு செய்யாவிட்டால் அடுத்த வாரம் செய்யலாம். தக்காளியை அப்படிச் சொல்லி நிறுத்த முடியாது. கடைசி உறைபனிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் அது நாற்றுத் தட்டில் விழுந்தாக வேண்டும். தள்ளிப்போட முடியாததை முதலில் எழுதி, நகர்த்தக்கூடியதை இடைவெளிகளில் வைத்தேன். கணக்குப் பிரிவில் வரி கட்டும் தேதிகளை வைத்துத்தான் மற்ற வேலைகளை அடுக்குவோம், அதே முறைதான். 19 வருடம் அலுவலகத்துக்குச் செய்ததை எனக்குச் செய்துகொள்ளத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தோட்டம் நான் நினைத்த அளவுக்கு நேரம் கேட்கவில்லை. அது கேட்பது குறிப்பிட்ட சில நாட்களை மட்டும். விதை போடுவதற்கு ஒரு மாலை. அதற்குப் பிறகு முளைக்கும்வரை ஒரு வாரத்துக்கு மேல் என்னால் ஆகவேண்டியது ஒன்றுமே இல்லை, தட்டைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர. அந்த வாரத்தில் நான்கு அறைகளைப் போய்ப் பார்த்தேன். போன் செய்யவே பயந்த அதே ஆள்தான். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை வெளியில் நடுவதற்கு முன், ஏழிலிருந்து பத்து நாள் அதை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று தட்டுகளை வெளியே வைத்து, திரும்ப உள்ளே எடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் நான் வீட்டை விட்டு நகர முடியாது, எனவே உட்கார்ந்து செய்யும் விலைக்கணக்கு, விண்ணப்பம் எல்லாவற்றையும் அந்த நாட்களுக்கு எழுதிவைத்தேன். நடவு செய்யும் சனி, ஞாயிறு மட்டும் கட்டம் போட்டு மூடிவிட்டேன். அந்த இரண்டு நாளும் தொழில் பற்றிய பேச்சே வீட்டில் கிடையாது.

தோட்டத்தையும் குறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் 14 வகை விதை வாங்கியவள் இந்த வருடம் ஐந்தோடு நிறுத்தினேன். தக்காளி 12 செடி. மற்றவை எல்லாம் நேரடியாக மண்ணில் விதைப்பவை: பட்டாணி, முள்ளங்கி, லெட்யூஸ், ஜினியா பூ. பட்டாணி நல்ல பிள்ளை. மண் 5 டிகிரியில் இருந்தாலும் மெதுவாக முளைத்துவிடும், தட்டும் வேண்டாம் ஜன்னலும் வேண்டாம். முள்ளங்கி நாலு வாரத்தில் கைக்கு வந்துவிடும். லெட்யூஸ் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணைப் போட்டு மூடாமல் தூவி லேசாக அழுத்தினால் போதும். சோம்பேறியாக இருக்க எனக்கு அது கொடுத்த அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன். வெட்டிய ஒன்பது வகைகளில் மிளகாய்க்கு மட்டும் இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என்னை எழுத வைத்தது இதுதான்.

வேலை வந்தாலும் வராவிட்டாலும் போகிற மாதச் செலவு இருக்கிறதே, வாடகை, மின்சாரம், மெஷின் தவணை, காப்பீடு, அதைக் கூட்டினேன். ஒரு வேலையில் நூல், ஊசி, ஜிப் செலவு போக கையில் என்ன நிற்கும் என்று பார்த்தேன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மாதத்துக்கு 96 வேலை என்று வந்தது. மாதம் 24 நாள் திறந்தால் நாளைக்கு 4 வேலை. சராசரியாக ஒரு வேலைக்கு 35 நிமிடம். அட, இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று உள்ளம் குளிர்ந்தேன். ஒரு இரவு முழுக்க குளிர்ந்தேன்.

மறுநாள் தங்கையை உட்கார வைத்து நிஜமாகவே ஒரு வேலையை வாங்கிப் பார்த்தேன். அவள் பேன்டைப் போட்டு நின்றாள். குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, "இன்னும் அரை அங்குலம் குறை, இல்லை வேண்டாம், செருப்பு போட்டுட்டு வந்து பார்க்கிறேன்" என்று அவள் முடிவு செய்து, நான் சீட்டு எழுதி முடிப்பதற்குள் 15 நிமிடம் போய்விட்டது. 35 அல்ல, 50. அதுவும் போக, அந்த நான்கு வேலை கடையின் செலவுக்குத்தான், எனக்குச் சம்பளம் அதில் இல்லை. இப்போது வாங்குவதற்குப் பக்கத்திலாவது வரவேண்டும் என்றால் நாளைக்கு 9 வேலை. ஒன்பதை ஐம்பதால் பெருக்கினால் ஏழரை மணி நேரம். காலை 9 மணிக்குத் திறந்து, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கும் பெருக்கித் துடைக்கவும் விட்டு, மாலை ஐந்தரைக்கு மூடினால் சரியாக இருக்கும்.

9 மணி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. வசந்தத்தில் நான் தோட்டத்தில் இருக்கும் நேரம் அது. விடிந்ததும் பூவாளியோடு ஒரு சுற்று, அதற்குப் பிறகு பனி காய்ந்த இலைகளைத் திருப்பி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, கொடிக்குக் கயிறு கட்டுவது, களை பிடுங்குவது. ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டுமென்றால் எட்டேகாலுக்கே கை கழுவ வேண்டும்.

அப்போதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. தோட்டத்தைத் திட்டத்துக்கு வெளியே ஒரு எதிரியாக ஏன் வைத்திருக்கிறேன்? உள்ளே கொண்டுவந்து ஒரு செலவாக எழுதினால் என்ன? எழுதினேன். வசந்த காலத்தில் மட்டும், மூன்று மாதம், கடை 10 மணிக்குத் திறக்கும். ஒரு மணி நேரம் போனால் நாளைக்குச் சுமாராக ஒரு வேலை குறையும். மாதத்துக்கு 24. மூன்று மாதத்துக்கு 72. வருடத்துக்கு 72 வேலையின் வருமானம்தான் என் தோட்டத்தின் விலை. அது என் சம்பளத்திலிருந்து கழியும், கடையின் வாடகையிலிருந்து அல்ல. செலவுப் பட்டியலில் காப்பீட்டுக்குக் கீழே 'தோட்டம்: 72 வேலை' என்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. கட்டுப்படியாகுமா என்று கேட்டால், ஆகும். என் சேமிப்பை வைத்துப் பார்த்துவிட்டேன். ஆகாவிட்டால் அப்போது வேறு எதையாவது வெட்டுவேன், ஆனால் எதை வெட்டுகிறேன் என்று தெரிந்து வெட்டுவேன். போன வருடம் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொன்னபோது நான் என்ன விலை கொடுக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது.

உங்கள் பெட்டிச் செய்தியின் யோசனை இதற்கு நேர் எதிர். தோட்டத்தை வரவுப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் இதையே சொல்கிறார்கள், நாற்று விற்கலாமே, கடையிலேயே ஒரு தட்டில் வைக்கலாமே என்று. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் விற்கும் நாற்றுக்கு ஒரு தரம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும், வாங்கிப் போனவர் செடி செத்தால் திரும்பி வருவார். அப்புறம் நான் காலையில் எழுந்து எங்கே போவது? பட்டாணி முளைக்கும்போது பார்த்திருப்பீர்களா தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முதுகால் மண்ணை முட்டி, ஒரு சின்ன வளையமாக முதலில் வரும். மண் மேலே ஒரு வெடிப்பு, அதற்குள் வெளிர்பச்சை. அடுத்த நாள் நிமிர்ந்துவிடும். அந்த ஒரு நாளில் பார்த்தால்தான் உண்டு. இதை நான் யாருக்கும் விற்பதாக இல்லை.

மழைக்குப் பின் வரும் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம், மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன, மனித மூக்கு அதைக் கண்டுபிடிப்பதில் படு கெட்டி என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொன்னான். "அம்மா, உனக்கு அது போதை" என்று முடிவும் சொல்லிவிட்டான். இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள், தாமதிக்காமல் தொடங்கு என்று கட்டுரை சொன்னது. நான் வசந்தத்தில் திறப்பதாக வைத்திருந்த கடையை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவிட்டேன். தோட்டத்துக்காக என்று சொன்னால் சிரிப்பீர்கள், பாதி உண்மை அதுதான். மீதிப் பாதியை 14 பேரிடம் பேசிய பிறகு தெரிந்துகொண்டேன். முதல் நாலு பேரிடம் "கடை வைத்தால் வருவீர்களா?" என்று கேட்டேன். நாலு பேரும் கட்டாயம் வருவோம் என்றார்கள். முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வார்கள்? மிச்சம் பத்துப் பேரிடம் கேள்வியை மாற்றி, "கடைசியாக ஒரு துணி கிழிந்தபோது, ஜிப் போனபோது என்ன செய்தீர்கள்?" என்றேன். ஏழு பேர் ஒன்றும் செய்யவில்லை, அலமாரியில் கிடக்கிறது என்றார்கள். கிடப்பதில் பெரும்பாலானவை குளிர்கால ஜாக்கெட்டுகள். ஜிப் போனது குளிரின் கடைசியில், ஞாபகம் வருவது அடுத்த குளிரின் தொடக்கத்தில். வசந்தத்தில் கடை திறந்திருந்தால் அந்த ஜாக்கெட்டுகளுக்காக ஆறு மாதம் உட்கார்ந்திருப்பேன். தக்காளி நட்டதிலிருந்து 60 முதல் 80 நாளில் காய்க்கத் தொடங்கும், குளிர் எட்டிப் பார்க்கும்போது அதன் வேலையும் முடியும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் விலகிப் போகின்றன. இதை நான் முன்கூட்டியே யோசித்துச் செய்ததாகச் சொல்ல ஆசைதான், அப்படி இல்லை.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. மாதச் சம்பளம் இல்லாமல், கடன்காரர் வாசலில் நிற்க, வேறு வழியின்றித் தொழில் தொடங்குகிறவருக்கு 10 மணிக் கடை ஆடம்பரம். எனக்குச் சேமிப்பு இருக்கிறது, வேலை இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டுரை அவர்களை மட்டும் பார்த்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. என்னைப் போல யோசித்து, நாள் பார்த்து, நோட்டில் எழுதித் தொடங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த மூட்டையைக் கொடுத்திருந்தார்கள்.

இந்த வாரத்து நிலவரம்: மண்ணைக் கைப்பிடி எடுத்து அழுத்தினேன், உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சில நாள் கிளறக் கூடாது, இறுகிவிடும். உதிர்ந்ததால் இரண்டாம் பாத்தியைக் கிளறியாகிவிட்டது. தக்காளிக்கு, முளைக்கும்போது வரும் விதையிலை போக, நாலு நிஜ இலை வந்திருக்கிறது. அறை முடிவாகிவிட்டது, முன்பணம் கொடுத்தாயிற்று. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின், பழையது ஒன்றை வியாழக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை இன்னும் முடிவாகவில்லை, 11 வடிவமும் அப்படியே இருக்கின்றன.

கடிதம் நீண்டுவிட்டது. எங்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு வேலையிலும் கத்தரியோடு இருப்பவள் நான், வருத்தப்பட மாட்டேன். தயவுசெய்து பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை, என் மேலாளர் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி